முதுகுக்குக் கீழே தொங்கும் போர்வை

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். துணியில் நேர்க்கோடு போடுவேன், காகிதத்தில் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். கலா ஒருமுறை படித்துத் திருத்திவிட்டுத்தான் மற்றவர்களிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொல்லியிருந்தால் எனக்குப் பேச்சே வந்திருக்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த யூனிட்டில்தான் கலாவும் இருந்தாள். முன்பு பேக்கிங்கில் இருந்தவள், இப்போது வாங்குகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்கிறாள். போன மாதம் கூப்பிட்டாள்.

"அண்ணாத்தே, எப்டி கீற? கண்ணு பரவால்லயா?"

"பரவால்ல."

"சேதி தெரியுமா? புதுசா மெஷின் வந்துகீது. ஆளு மாதிரியே ஒரு பொம்ம. உள்ள சூடு வெச்சு, ஹேமக்ல தொங்கவுட்டு, எவ்ளோ குளுரு தாங்கும்னு அளக்கறாங்க. இனிமே படுத்துப் பாக்க புளிக் கிடங்குக்கு யாரும் போவ வேணாமாம்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். நமக்கு ஜலதோஷம் மிச்சம். ஆனா போன்ல கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது? பொம்ம ஒரு நம்பர் சொல்லுது. அவங்க, 'எனக்கு எது சரிப்படும்'னு கேக்கறாங்க. நீ படுத்தவன். எழுதிக் குடு."

ஹேமக் என்பது பெரியவர்களுக்கான தூளி. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, அதில் ஏறிப் படுத்துக்கொள்வது. காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்கள், தரை ஈரமாகவோ கல்லாகவோ இருந்தால் இதில்தான் தூங்குகிறார்கள். அதன் அடியில் கட்டித் தொங்கவிடும் போர்வைக்கு அண்டர்குயில்ட் என்று பெயர். தையல் லைனில் நாங்கள் அடிப்போர்வை என்போம். அதைத் தைப்பதுதான் என் வேலையாக இருந்தது. என் மனைவி சகுந்தலா பல வருடங்கள் நான் மெத்தை தைப்பதாகவே அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை.

சின்ன வயதிலேயே மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். சட்டை எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் காலர், கஃப், பாக்கெட் என்று பாதி ஆயுள் போனது. அங்கே கற்றது ஒன்றே ஒன்று: துணி சுருங்கக் கூடாது. தைத்த துணி மேஜைமேல் தண்ணீர்போலப் படுக்க வேண்டும். எங்காவது சுருக்கம் இருந்தால் செக்கிங்கில் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சிவப்பு அம்பு என் கனவில்கூட வரும். பிறகு அந்தக் கம்பெனி மூடப்பட்டு, மலைக்குப் போகிறவர்களுக்குத் தூங்கும் பை தைத்துக்கொண்டிருந்த இந்த யூனிட்டுக்கு வந்தேன்.

இங்கே கட்டிங்கும் சாம்பிளும் லூர்து மாஸ்டர் கையில். ஒல்லியான மனிதர். கழுத்தில் இஞ்ச் டேப், சட்டைப் பையில் நீலச் சாக்குக்கட்டி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் என்ன தப்பு செய்தாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கிற நேரம்தான் நமக்குத் தண்டனை. எல்லாரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். தைத்து முடித்த பீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தையலைப் பார்க்க மாட்டார். நம் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"படுத்தியா?"

தைத்தவன் அதில் படுத்துப் பார்க்காமல் எந்த சாம்பிளும், எந்த ஸ்பெஷல் ஆர்டரும் வெளியே போகாது. அது அவர் வைத்த சட்டம்.

முதலில் இது எனக்கு விளங்கவில்லை. ஹேமக் ஆர்டர் முதன்முதலாக வந்தபோது, மேலே போர்த்துகிற போர்வையில் தடியாகப் பஞ்சு வைத்தோம். அடிப்போர்வையில் பேருக்கு ஒரு சுற்று. லைனில் இருந்த யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. மாஸ்டர் கேட்டபோது நாங்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்.

"பனி மேலேருந்துதானே மாஸ்டர் பெய்யுது? கீழ எதுக்கு அவ்ளோ பஞ்சு?"

மார்கழியில் தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு, வெறும் காலோடு டீக்கடைக்குப் போகிற ஊர் இது. எங்களுக்குக் குளிர் என்றால் தலையில் இறங்குவது. மாஸ்டர் வாதாடவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "நைனா, நீ வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. புளி, மிளகாய், பேரீச்சம்பழம் எல்லாம் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதன் முதலாளி எங்கள் முதலாளிக்குத் தெரிந்தவர். சித்திரை மாதத்து மத்தியானம். பேருந்திலிருந்து இறங்கி நடந்ததில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வாசலில் இருந்த வாட்ச்மேன் எங்கள் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், இன்னிக்கு யாரு பலி?"

"இவருதான்."

"புளிக்கு நடுவுல தூங்கறதுக்குச் சம்பளம் குடுக்கற கம்பெனி உங்க கம்பெனிதான்யா. எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடு."

உள்ளே போகும் முன் கால் மணி நேரம் மின்விசிறியின் கீழே உட்கார வைத்தார் மாஸ்டர். வியர்வையோடு உள்ளே போனால் ஈரத்தின் குளிரும் போர்வையின் குளிரும் கலந்துவிடும். எது எது என்று தெரியாது. பனியனும் சட்டையும் உலர்ந்ததா என்று கையை வைத்துப் பார்த்தார். வாட்சைக் கழற்றச் சொன்னார். நேரம் பார்த்தால் மனம் போர்வையில் நிற்காதாம்.

கனமான கதவு திறந்தது. உள்ளே பலகையில் நான்கு டிகிரி என்று எரிந்தது. இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே ஹேமக்கைக் கட்டினார். மூச்சு விட்டேன். என் மூச்சு புகையாக என் முன்னால் போனது. நாற்பது வயதைத் தாண்டிய ஆள் நான், அன்றைக்குத்தான் என் மூச்சை என் கண்ணால் பார்த்தேன். இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன். மாஸ்டர் பார்க்கிறார் என்று வெட்கமாக இருந்தது. அவரோ, "நல்லா பாரு, நானும் மொத நாளு அதத்தான் பண்ணிகினு இருந்தேன்" என்றார்.

ஏறிப் படுத்தேன். மேலே ஒன்றல்ல, இரண்டு தடிப் போர்வைகளைப் போர்த்தினார். அடியில் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு இடுப்புக்குக் கீழே யாரோ ஈரத்துணியை வைத்ததுபோல ஆரம்பித்தது. அது முதுகெலும்பு வழியாக ஏறித் தோளுக்கு வந்தது. மார்பின் மேல் வியர்க்கிறது, முதுகு விறைக்கிறது. ஒரே உடம்பில் இரண்டு ஊர். பல் தந்தியடிக்க ஆரம்பித்ததும் மாஸ்டர் அருகில் வந்தார்.

"பனி எங்கேருந்து பெய்யுது நைனா?"

"கீழேருந்து மாஸ்டர்."

குனிந்து, தடியான ஓர் அடிப்போர்வையை ஹேமக்கின் வெளிப்பக்கத்தில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டார். ரப்பர் கயிற்றை இழுத்து, அது என் முதுகைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் குளிர் நின்றது. பிறகு கீழேயிருந்து மெல்லச் சூடு வந்தது. அடுப்பு இல்லை, கரண்ட் இல்லை, வெயில் இல்லை. சுற்றிலும் புளி மூட்டைகள். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேவிட்டேன். நானாக வாயைத் திறந்து கேட்ட கேள்விகள் என் வாழ்க்கையில் குறைவு.

"உன்னுதுதான். இத்தினி நேரம் கீழ ஒழுகிகினு இருந்தது. இப்போ போவ வழியில்ல, திரும்பி வருது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அயனம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். உடம்புச் சூட்டை விரட்டத்தான் எனக்குத் தெரியும். விசிறி, ஈரத்துண்டு, மொட்டை மாடி, மோர். இவ்வளவு சூட்டை நான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், அதைச் சேர்த்து வைத்தால் ஒரு மனிதன் பனியில் பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தூளியில் குழந்தைக்கு அடியில் காற்றோட்டம் இருப்பதால்தான் நம் ஊர் வெயிலில் அது நன்றாகத் தூங்குகிறது. அதே காற்றோட்டம்தான் மலையில் ஆளை வாட்டுகிறது. ஹேமக்குக்குள்ளே தடியாகப் பஞ்சு விரித்தாலும் பிரயோசனம் இல்லை. நம் எடையில் அது அப்பளமாகிவிடும். உப்பலாக இருக்கிற பஞ்சுதான் சூட்டைப் பிடிக்கும். அதனால்தான் அது வெளியே தொங்க வேண்டும்.

இனி ஒரு பெண்ணுக்குத் தைத்துக் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் பெயர் நிவேதா. தவளைகளைக் கணக்கெடுக்கிற வேலை. நீலகிரியில் உயரமான சோலைக்காடுகளுக்குள் போய் வாரக்கணக்கில் தங்குவாள். தரை முழுக்க ஈரம், அட்டைப்பூச்சி, அதனால் ஹேமக்தான். முந்தின வருடம் வேறு எங்கோ வாங்கிய அடிப்போர்வையோடு போயிருக்கிறாள். மூன்றாம் நாள் அது ஈரத்தில் கட்டி கட்டியாகிவிட்டது. விடியும்வரை நடுங்கியிருக்கிறாள். காலையில் இப்படி மடக்கக்கூட வரவில்லை என்று எங்களிடம் விரலை மடக்கிக் காட்டினாள்; முடிச்சை அவிழ்க்க முடியவில்லையாம். அப்படியே இறங்கும்போது சரிவில் விழுந்து காலை முறித்துக்கொண்டு, சாலைக்கு வந்து சேர ஒருநாள் முழுக்க ஆகியிருக்கிறது. இப்போது மறுபடி இருபத்தோரு நாள் போகிறாள். கூட ஒரே ஒரு ஆள்.

அவளுக்கு மாஸ்டர் போர்வையைத் தேர்ந்தெடுத்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எடுத்தவுடன் எத்தனை டிகிரி என்று கேட்கவில்லை.

"எப்டிமா தூங்குவ? மல்லாக்கவா, ஒருக்களிச்சா?"

"ஒருக்களிச்சுதான் சார். முழங்காலை மடக்கிக்குவேன்."

"காலு சில்லுனு ஆவுமா உனுக்கு?"

"எப்பவும்."

"மூட்டை தூக்கறது யாரு?"

"நான்தான்."

அவளுக்கு வாத்து இறகு வைத்தது வேண்டும் என்று ஆசை. எடை குறைவு, சுருட்டினால் ஒரு சொம்பு அளவுக்கு அடங்கும். மாஸ்டர் வேண்டாம் என்றார். இறகு ஈரம் பட்டால் படுத்துவிடும். அவள் போவதோ மேகத்துக்குள். கொஞ்சம் கனம் என்றாலும் சிந்தடிக் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். தோளிலிருந்து முழங்கால் வரை மட்டும் வருகிற முக்கால் அளவு கனம் குறைவுதான். ஆனால் கால் சில்லிடுகிற ஆளுக்கு முழு நீளம்தான் சரி. ஒருக்களித்துப் படுப்பதால் இடுப்பில் அகலம் கூட வேண்டும். எல்லாவற்றையும் யோசித்துப் புதிதாகவே பேட்டர்ன் வெட்டி என்னிடம் கொடுத்தார்.

உள்துணிக்கு ஒரு அட்டை, வெளித்துணிக்கு ஒரு அட்டை. வெளித்துணி பெரிதாக இருந்தது. இரு பக்கமும் நான்கு விரல் அதிகம். அப்படி ஒரு பேட்டர்ன் அதற்கு முன் எங்கள் லைனுக்கு வந்ததில்லை. இரண்டையும் சேர்த்து மேஜைமேல் விரித்தால் வெளித்துணி தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தது. எனக்குச் சிவப்பு அம்பு ஞாபகம் வந்தது. தையலுக்கு விட்ட உபரியாக இருக்கும், வெட்டிவிடச் சொல்கிறார்போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். மாஸ்டர் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே போய்க் கேட்கக் கூச்சம். இரண்டையும் சமமாக வெட்டி, தண்ணீர்போலப் படுக்கிற மாதிரி தைத்து முடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அன்று புளிக் கிடங்கில் லோடு இறங்கிக்கொண்டிருந்ததால் என்னை உள்ளே விடவில்லை. மறுநாள் மதியம் மூன்று மணிக்கு நிவேதா வருவதாக இருந்தது. ராத்திரி அவளுக்கு ரயில். காலையில் பீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"படுத்தியா?"

நான் தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்து பொய் சொல்லச் சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. தலை தானாக ஆடிவிட்டது. அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததால் சரி என்று கையைக் காட்டினார். போர்வையைப் பையில் போட்டுப் பேக்கிங் மேஜைமேல் வைத்தேன்.

சாப்பாட்டு நேரம் வந்தது. டப்பாவைத் திறந்தேன். அந்தப் பெண் விரலை மடக்கிக் காட்டியது கண்ணிலேயே நின்றது. டப்பாவை மூடினேன். பேக்கிங் மேஜையிலிருந்து பையை எடுத்தேன். அப்போது கலா அங்கே இருந்தாள்.

"அண்ணாத்தே, அது பில்லு போட்டது. எங்க தூக்கினு போற?"

"வந்துடறேன்."

"மாஸ்டர் கேட்டா?"

பையோடு வெளியே ஓடி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். கிடங்கில் லோடு முடிந்திருந்தது. வாட்ச்மேன், "இன்னிக்கும் மாஸ்டர் இல்லாம தனியா வந்துகீற? சொந்தக் காசுல தூங்கவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டார். வியர்வை காயும்வரை உட்கார்ந்தேன். அதை மட்டும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கட்டி, ஏறி, அவளைப்போல ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தேன்.

பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தோளில் குளிர். இடுப்பில் குளிர். எடை இறங்குகிற இரண்டு இடத்திலும் சரியாகக் குளிர். கையைக் கீழே விட்டுத் தடவினேன். வெளித்துணி மத்தளத் தோல்போல விறைத்து நின்றது. உள்ளே பஞ்சு நசுங்கிக் கிடந்தது. மேஜைமேல் சமமாக இருக்கிற இரண்டு துணிகள், வளைந்து தொங்கும்போது சமமாக இருப்பதில்லை. வெளிப்பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அதற்குத் துணி கூட வேண்டும். அந்த நான்கு விரல் துணி பஞ்சு மூச்சுவிடுகிற இடம். அதைத்தான் நான் அழகுக்காக வெட்டி எறிந்திருந்தேன்.

சாக்குக்கட்டியை எடுத்து, குளிர்ந்த இடங்களில் கோடு போட்டேன். அதுவும் மாஸ்டரின் பழக்கம்: குளிர் எங்கே என்று சொல்லக் கூடாது, துணிமேல் வரைந்து காட்ட வேண்டும்.

நான் திரும்பியபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பேக்கிங் ஹாலில் முதலாளி, மாஸ்டர், நிவேதா, கலா நால்வரும் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பையிலிருந்து போர்வையை எடுத்து மேஜைமேல் விரித்தேன். நீலக் கோடுகள் தெரிந்தன.

"இடுப்புல குளுருது மாஸ்டர். தோள்லயும். வெளித்துணிய நான் வெட்டிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எவ்வளவு நேரம் துடைத்தார் என்று எனக்குத் தெரியாது.

"காலைல தலைய ஆட்னியே?"

"பொய் மாஸ்டர். படுக்கல. இப்பதான் படுத்துட்டு வரேன்."

முதலாளி என்னவோ சொல்ல ஆரம்பித்தார். மாஸ்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு நிவேதாவிடம் திரும்பினார்.

"ரயிலு எத்தினி மணிக்குமா?"

"ஒன்பதுக்கு சார்."

"ஏழுக்குள்ள குடுத்துடறோம். ஒக்காரு." என்னைப் பார்த்து, "கத்திரி எடு நைனா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

புது வெளித்துணியை அவரே வெட்டினார். நான் பழையதைப் பிரித்தேன். நிவேதா சும்மா உட்காரவில்லை. பிரித்த நூலைப் பொறுக்கிக்கொண்டே, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டாள். ஆச்சரியம் என்னவென்றால், நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கலா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "மெஷினு தவர நீ யார் கூடயும் பேசி நான் பார்த்ததேயில்லயே!"

ஆறரைக்கு முடிந்தது. கிடங்குக்குப் போக நேரம் இல்லை. ஹாலில் இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டி, நிவேதாவைப் படுக்கச் சொன்னோம். மாஸ்டர் என்னை முன்னால் தள்ளினார். ஹேமக்குக்கும் போர்வைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்தேன். கை இறுக்கமில்லாமல் போனது. ஆனால் இடைவெளியும் இல்லை. அடியிலிருந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். இடுப்பிலும் பஞ்சு உப்பலாக இருந்தது. பிறகு போர்வையின்மேல் உள்ளங்கையை வைத்து எண்ணினேன். பத்து எண்ணுவதற்குள் என் கைச்சூடு என் கைக்கே திரும்பி வந்தது. அத்தனை முறை படுத்திருந்தும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்த்தது.

பையில் ஒரு நீலச் சாக்குக்கட்டியையும் போட்டுக் கொடுத்தேன். எங்கே குளிர்ந்தாலும் கோடு போட்டு வைக்கும்படி சொன்னேன்.

அவள் போன இடத்தில் போனில் சிக்னல் கிடையாது. அந்த இருபத்தோரு நாளும் நான் வீட்டில் கட்டிலில் படுக்கவில்லை. வெறும் சிமென்ட் தரையில் படுத்தேன். ஏன் என்று சகுந்தலா கேட்டாள். முதுகுவலி என்றேன். காலையில் தரையின் சில்லிப்பு முதுகில் ஏறும்போதெல்லாம், அங்கே எப்படியோ, என்று நினைத்துக்கொள்வேன்.

இருபத்து நான்காம் நாள் அவள் யூனிட்டுக்கே வந்தாள். கறுத்து, இளைத்து, இரண்டு காலாலும் ஒழுங்காக நடந்து வந்தாள். போர்வையை மேஜைமேல் விரித்தேன். பாசி வாசனை வந்தது. தோளில் கோடு இல்லை. இடுப்பில் கோடு இல்லை. கால் முனையில் மட்டும் ஒரு சின்னக் கோடு.

"அது மூணாம் நாள்" என்றாள். "பாதத்துக்கிட்ட காத்து புகுந்துச்சு. கயித்து முடிச்சை ரெண்டு விரல் தள்ளிப் போட்டேன், நின்னுடுச்சு. அப்புறம் முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு."

முடிச்சைப் பார்த்தேன். நான் கட்டிய இடத்தைவிட அவள் கட்டிய இடம்தான் சரி. அதற்குப் பிறகு தைத்த எல்லாவற்றிலும் அந்த இடத்தில்தான் முடிச்சு வைத்தேன்.

மாஸ்டர் வந்தார். போர்வையைத் தொடக்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"படுத்தியாமா?"

"படுத்தேன் சார். இருபத்தோரு நாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு அவர் துடைத்தது கண்ணாடியை அல்ல, கண்ணை.

அதன் பிறகு பல வருடங்கள் அங்கே வேலை பார்த்தேன். ஊசி முனை இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் நானே நின்றுகொண்டேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட எந்த நாளும் நான் தலையை ஆட்டவில்லை. "படுத்தேன் மாஸ்டர்" என்று வாய்விட்டே சொல்வேன்.

கலா, போனில் கேட்கிறவர்களுக்கு நீ இதைச் சொல். பொம்மை சொல்கிற நம்பர் பொய்யில்லை. ஆனால் பொம்மை ஒருக்களித்துப் படுக்காது. அதற்குக் கால் சில்லிடாது. அது மூட்டை தூக்காது. அதனால் எப்படித் தூங்குவார்கள், எங்கே போகிறார்கள், அந்த இடம் ஈரமா காய்ந்ததா, யார் தூக்குவது என்று முதலில் கேள். வாங்கியதும் வீட்டிலேயே கட்டி, ஒருவர் படுக்க, இன்னொருவர் உள்ளங்கையை நுழைத்துப் பத்து எண்ணிப் பார்க்கச் சொல்.

இன்று காலையில் இதை முடிக்கும் முன் எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க, மொட்டை மாடியில் என் பழைய சாம்பிள் ஹேமக்கைக் கட்டினேன். ஏரிப் பக்கமிருந்து பனி வந்துகொண்டிருந்தது. டீ கொண்டுவந்த சகுந்தலா சிரித்தாள்.

"மெட்ராஸ் குளுருக்கு இவ்ளோ ஏற்பாடா? எறங்குய்யா, பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க."

நீ ஒருமுறை படுத்துப் பார் என்றேன். திட்டிக்கொண்டே ஏறினாள். நான் அடிப்போர்வையை மாட்டி, முடிச்சைச் சரிசெய்தேன். அவள் புரண்டு, முதுகுக்குக் கீழே கையை விட்டுத் தடவினாள்.

"இன்னாய்யா இது, கீழ அடுப்பு வெச்ச மாதிரி கீது?"

"அடுப்பு இல்ல. அது உன் சூடுதான்."

"என்னுதா?" என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு, "இத நீயா தெச்ச?" என்றாள்.

தலை ஆடப் பார்த்தது.

"நான்தான் தெச்சேன்" என்றேன்.

டீ ஆறிவிட்டது. அவள் இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன்.

மார்கழி மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை.